எர்லன்ரோடா என்கிற ஊர்

எர்லன்ரோடா, ஜெர்மனி
1107 கும்பம் 8 (1932 பிப்ரவரி 20)

சௌபாக்கியவதி சூடாமணிக்கு ஆசீர்வாதம்.

க்ஷேமம். பீங்கான் ஆலையில் சேர்ந்தாயிற்று. மண் அரைப்பதிலிருந்து சூளை வரைக்கும் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆகும். திரும்பி வந்து நம் தேசத்து வெள்ளை மண்ணை வைத்து அங்கேயே ஆலை போடலாம். அப்பாவிடம் இதைச் சொல். நிலத்தை விற்று அனுப்பினது வீண் போகாது என்றும் சொல்.

ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஊர் ஊர் மாதிரி இருக்கிறது. மலை இருக்கிறது, பனி பெய்கிறது. அதைத் தெரிந்துகொண்டு உனக்கு என்ன ஆக வேண்டும்?

ஆலையில் இன்னொரு திருவிதாங்கூர்க்காரன் இருக்கிறான். நெய்யூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவன், அருமைநாயகம் என்று பெயர். ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறை. தமிழ் பேச ஆள் கிடைத்தது. நிறையப் பேசுகிறான்.

மாதம் ஒரு கடிதம் போதும். அக்காவின் மூச்சிரைப்புக்கு வெந்நீர் கொடு. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குத் தனியாகப் போகாதே.

ஸ்ரீகண்டன்


வலியசாலை, திருவனந்தபுரம்
1107 மீனம் 20 (1932 ஏப்ரல் 2)

அன்புள்ள கணவருக்கு, சூடாமணி தூரத்திலிருந்தே விழுந்து நமஸ்கரித்து எழுதுவது.

பத்மநாப சுவாமி கிருபையில் எல்லோரும் சௌக்கியம். சர்க்கார் கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உங்கள் அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. தபால்காரனைத் தெருமுனையிலேயே மறித்துக்கொள்கிறார். உங்கள் கடிதத்தை அவர் படித்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி படித்துவிட்டுத்தான் என்னிடம் தருகிறார். கொஞ்சம் நீளமாக எழுதினால் அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். எனக்கு என்று சொன்னால் எழுதமாட்டீர்கள், அதனால் அவருக்காகக் கேட்கிறேன்.

நேற்று நாவிதன் வேலாயுதன் வந்து உங்கள் அக்காவுக்குத் தலை மழித்துவிட்டுப் போனான். அவன் வந்து போகும் அன்று நாகலக்ஷ்மி அக்கா சாப்பிடுவதில்லை. பதினேழு வயதில் அத்திம்பேரை இழந்த நாளிலிருந்து உங்கள் அக்காவுக்கு இதுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்த்தும் எனக்குப் பழகவில்லை. பின்கட்டு அறையில் முட்டாக்கைக் கன்னம் வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மோர் கொண்டு போனேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினார்கள்.

மலை இருக்கிறது, பனி பெய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மலை எந்தப் பக்கம் இருக்கிறது? காலையில் கதவைத் திறந்தால் உங்கள் கண்ணில் முதலில் படுவது எது? அவ்வளவு தெரிந்தால்கூடப் போதும். நீங்கள் இருக்கிற இடத்தை மனசில் வைத்துப் பார்க்க எனக்கு ஒன்றுமே இல்லை.

இப்படிக்கு
தங்கள் சூடாமணி


எர்லன்ரோடா
1932 அக்டோபர் 29

அன்புள்ள சூடாமணிக்கு,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சூளைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்து என் வலது கை வெந்துவிட்டது. கட்டு அவிழ்க்க நாளாகும் என்கிறார் வைத்தியர். நான் சொல்லச் சொல்ல நண்பர் அருமைநாயகம் எழுதுகிறார். கிருபையினால் உயிருக்கு ஒன்றுமில்லை. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

மலை எந்தப் பக்கம் என்று முன்பு கேட்டிருந்தாய். பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன். இப்போது படுத்திருக்கிறவனுக்கு ஜன்னல்தான் உலகம், ஆகையால் சொல்கிறேன்.

இந்த ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. வடக்கே ஆட்டுமலை, கிழக்கே தேவதாருக் காடு. மேற்கே மட்டும் கிண்ணத்தின் விளிம்பு உடைந்திருக்கிறது, ஓடை அந்த வழியாக வெளியேறுகிறது. ஓடைக்கரை முழுதும் எர்லே என்று ஒரு மரம், ஈரத்தில் வளர்வது. ரோடா என்றால் காடு வெட்டித் திருத்திய இடமாம். மரத்தை வெட்டி ஊராக்கி, வெட்டிய மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள்.

வீடுகளுக்கெல்லாம் சிலேட்டுக் கல் பலகையால் கூரை. மழை பெய்தால் ஊர் முழுக்கக் கறுத்துப் பளபளக்கும். மாடுகளும் மனிதர்களும் ஒரே கூரையின் கீழ். குளிர்காலத்தில் மாட்டின் மூச்சு மேல்மாடிக்குச் சூடு தருகிறது. நடுவில் ஒரு லிண்டன் மரம். அதன் கீழ்தான் பஞ்சாயத்து, கல்யாண ஆட்டம், சண்டை எல்லாம். ரயில் இந்த ஊருக்கு வராது. அடுத்த ஊரில் இறங்கி நடக்க வேண்டும். உருளைக்கிழங்குதான் இங்கே சோறும் வெஞ்சனமும்.

காலையில் நான் முதலில் பார்ப்பது எதிர்வீட்டுப் புகைக்கூண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு காக்கை. நம் ஊர்க் காக்கையைவிடப் பெரியது, குரலும் கரகரப்பு. அதைப் பார்த்தால் ஏனோ ஆறுதலாக இருக்கிறது.

இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கோணலாக இருக்கும்.

அன்புடன்
ஸ்ரீகண்டன்


வலியசாலை
1108 விருச்சிகம் 20 (1932 டிசம்பர் 5)

அன்புள்ள கணவருக்கு, சூடாமணியின் நமஸ்காரம்.

கடிதத்தைப் பிரித்த அப்பா முதல் வரியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நான்தான் வாங்கிச் சத்தமாகப் படித்தேன். பழவங்காடியில் உங்கள் பேருக்குத் தேங்காய் உடைத்தோம். தனியாகப் போகவில்லை, அப்பாவோடுதான் போனேன்.

கை எப்படி இருக்கிறது? எந்த விரல் வரைக்கும்? அதைப் பற்றி இரண்டு வரி, காக்கையைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கை வெந்தவன் இத்தனை பேசுவானோ? நன்னா இருந்தப்பவே அவன் பேசினதில்லையாக்கும்."

எதிர்வீட்டு சிவகாமியம்மாள் காதில் இது விழுந்துவிட்டது. கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அசடே, ஆம்படையான் திடீர்னு நீள நீளமா எழுதினா சந்தோஷப்படாதே. மனசு குத்தறதுன்னு அர்த்தம். அங்க எவளோ ஒரு மதாம்மா இருப்பா, பாத்துக்கோ" என்றாள். நான் சிரித்துவிட்டு வந்தேன். வந்து கடிதத்தைத் திரும்பப் படித்தேன்.

நீங்கள் தங்கியிருக்கிற வீட்டுக்காரி யார்? அவளுக்கு என்ன வயசு? கட்டை யார் மாற்றுகிறார்கள்? சாதத்தை யார் பிசைந்து கொடுக்கிறார்கள்? கல்யாணமாகி எட்டு வருஷத்தில் என்னிடம் நீங்கள் ஆறுதல் என்கிற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஜெர்மனியில் ஒரு காக்கை அதைச் சொல்ல வைத்துவிட்டது என்றால் நம்பத்தான் வேண்டும். நம்ப முயற்சி செய்கிறேன்.

தங்கள்
சூடாமணி


எர்லன்ரோடா
1933 ஜனவரி 20

அன்புள்ள சூடாமணிக்கு,

உன் சந்தேகம் நியாயம்தான். வீட்டுக்காரி லோமான் அம்மாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. கணவர் மகாயுத்தத்தில் இறந்துபோனார். கறுப்பு உடுப்பு, வெள்ளைத் தலைமுடியைப் பின்னிக் கொண்டை போட்டிருக்கிறாள், ஊர்ச் சபையில் எழுந்து நின்று கத்துகிறாள், யாரும் அவளை உட்கார் என்று சொல்வதில்லை. கை மெல்ல ஆறிவருகிறது. கட்டை மருத்துவத் தாதி வந்து மாற்றுகிறாள்; அவளுக்கு மீசை உண்டு. சிவகாமியம்மாளிடம் இதைச் சொல்.

ஊர்க் கதை கேட்கிறாயா? இங்கே பள்ளி வாத்தியார் ஹார்ட்விக் என்று ஒருவர், மாலையில் வந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். முந்நூறு வருஷத்துக்கு முன்பு இந்த நாட்டில் முப்பது வருஷம் ஓயாமல் சண்டை நடந்ததாம். ராணுவங்கள் மாறி மாறி வந்து இந்த ஊரைத் தின்றன. விதைநெல் மாதிரி வைத்திருந்த தானியத்தைக்கூட விடவில்லை. பின்னாலேயே கொள்ளைநோய். அந்தச் சமயத்தில் கூடை விற்க ஒரு வெளியூர்க்காரன் வந்திருக்கிறான். நோயை இவன்தான் கூடையில் கொண்டுவந்தான் என்று ஊரார் அவனை ஓடைக்கு அப்பால் சேற்று நிலத்துக்குள் விரட்டினார்கள். அவன் திரும்பவில்லை. அந்த இடத்துக்கு இன்றும் கூடைக்காரன் சதுப்பு என்றுதான் பெயர். நோய் என்னவோ அவன் வருவதற்கு முன்பே ஊரில் இருந்ததாம். வாத்தியார் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். மூன்று நூற்றாண்டு ஆகியும் விரட்டியவர்களின் பேரன்கள் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியுமே!

அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள். சூடாமணி பள்ளிப் படிப்பை நான்காம் பாரத்தோடு நிறுத்திவிட்டது தவறு. ஒரு நல்ல ஆசிரியையை வைத்துப் பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படிக்க வையுங்கள். இது என் உறுதியான விருப்பம்.

அன்புடன்
ஸ்ரீகண்டன்


வலியசாலை
1108 கும்பம் 15 (1933 பிப்ரவரி 27)

அன்புள்ள கணவருக்கு, நமஸ்காரம்.

உங்கள் விருப்பத்தை அப்பா தட்டவில்லை. "அவனே எழுதிட்டான், இனி எந்தா சொல்ல" என்று மேல்வேஷ்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார். பெண்கள் பள்ளியில் வேலை பார்க்கிற ராஜபாய் டீச்சர் சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுக்கிறாள். பூகோளமும் சரித்திரமும் எனக்கு நன்றாக வருகிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். கல்யாணமான புதிதில், பள்ளிக்கூடப் பையை நான் பரணில் எடுத்து வைத்தபோது "இனி இதுக்கு அவசியம் இல்லை" என்று சொன்னது நீங்கள்தான். இப்போது அது தவறு என்கிறீர்கள். மனிதர்கள் மாறுவார்கள். சரி.

ராஜபாய் டீச்சரும் உங்கள் நண்பர் அருமைநாயகம் போல நாகர்கோவில் பக்கம்தான். நேற்றுப் பேச்சுவாக்கில் "இன்னைக்கு வெஞ்சனம் என்ன வச்சிய?" என்று கேட்டாள். எனக்குக் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. நம் வீட்டில் கூட்டான் என்போம். சாதம் என்போம், சோறு என்கிற சொல் உங்கள் வாயில் வந்ததில்லை. எழுதுகிறவர் தன் வார்த்தையைப் போட்டுக்கொள்கிறார் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் நீங்கள் க்ஷேமம் என்று தொடங்காமல், கொல்லம் வருஷத்தைப் போடாமல் ஒரு கடிதம் எழுதியதில்லை. எழுதுகிறவர் அதையுமா தின்றுவிடுவார்?

போகட்டும். ஒரு துக்க சமாசாரம். உங்களைச் சின்ன வயசில் வளர்த்த சுசீந்திரத்து அத்தை போன வாரம் தவறிவிட்டாள். கடைசி வரை உங்கள் பேரையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். இரண்டு வார்த்தை எழுதுங்கள்.

தங்கள்
சூடாமணி


எர்லன்ரோடா
1933 ஏப்ரல் 2

அன்புள்ள சூடாமணிக்கு,

க்ஷேமம். அத்தையின் செய்தி வந்த அன்று எதுவும் ஓடவில்லை. அவர்கள் மடியில் படுத்துக்கொண்டு சுசீந்திரம் தேரைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அவர்கள் கையால் சாப்பிட்ட நாட்களை எப்படி மறப்பேன்? அப்பாவைத் தேற்று.

இங்கே காலம் நன்றாக இல்லை. லிண்டன் மரத்தில் புது ஆட்சிக்காரர்களின் கொடி கட்டியிருக்கிறார்கள். ஊர்த் தலைவரை மாற்றிவிட்டார்கள். ஹார்ட்விக் வாத்தியாரைப் பள்ளியிலிருந்து நீக்கியாயிற்று. ஊர்ச் சரித்திரத்தைத் திரித்துச் சொல்கிறாராம். அவர் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வழியில் கண்டால் தொப்பியை மட்டும் தொடுகிறார், அதுவும் சுற்றிப் பார்த்துவிட்டு. ரொட்டிக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. லோமான் அம்மாள் மட்டும் பழையபடி கத்துகிறாள்.

நீ படிப்பை விடாதே. பூகோளம் நன்றாக வருகிறது என்று எழுதியதைப் பல தடவை படித்தேன்.

அன்புடன்
ஸ்ரீகண்டன்


வலியசாலை
1108 மேடம் 25 (1933 மே 8)

நெய்யூர் ஸ்ரீ அருமைநாயகம் அவர்களுக்கு, வலியசாலை வெங்கடேஸ்வர ஐயர் நாட்டுப்பெண் சூடாமணி எழுதுவது.

என் கணவருக்கு சுசீந்திரத்தில் அத்தை கிடையாது. எங்கும் கிடையாது. அவர் அப்பா கூடப்பிறந்தவர் யாருமில்லாத ஒரே பிள்ளை. இல்லாதவளை நான் சாகடித்தேன். நீங்கள் அவள் மடியில் படுத்துத் தேர் பார்த்தீர்கள்.

இந்த முறை க்ஷேமம் என்று தொடங்கினீர்கள். நான் சொல்லிக்கொடுத்தபடி திருத்திக்கொண்டீர்கள். அதைப் படித்ததும் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன்.

அவர் எங்கே? இதற்குப் பதில் என்னவாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன் என்று எழுத ஆசை. நிஜத்தில் தயாராக இல்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றை நினைக்கிறேன். வேறு கல்யாணம் செய்துகொண்டு, தொந்தரவு வேண்டாம் என்று கடிதம் எழுதும் வேலையை உங்களிடம் விட்டுவிட்டாரா? சிறையில் இருக்கிறாரா? சித்தம் கலங்கிவிட்டதா? நீங்களே அவரை ஏதாவது செய்துவிட்டு, வெளியில் தெரியாமல் இருக்க எழுதிக்கொண்டிருக்கிறீர்களா? முகம் தெரியாத ஒருவரைக் கொலைகாரர் என்று நினைக்கும் அளவுக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தினமும் தெருமுனைக்குப் போகிறார். இந்தக் கடிதத்தை ராஜபாய் டீச்சர் தபாலில் சேர்க்கிறாள். பதிலை அவள் பள்ளி விலாசத்துக்கு எழுதுங்கள்.

மலையையும் ஓடையையும் பற்றி ஒரு வரி இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடுவேன்.

சூடாமணி


எர்லன்ரோடா
1933 ஜூன் 10

சகோதரி அவர்களுக்கு,

ஸ்ரீகண்டன் போன வருஷம் அக்டோபர் 11-ஆம் தேதி இறந்துவிட்டார். நான் உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்துக்கு முன்பே.

குழாய் வெடித்தது உண்மை. கை மட்டுமல்ல, மார்பும் கழுத்தும் வெந்துவிட்டன. பக்கத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் வந்து நிற்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். உங்கள் வழக்கப்படி தகனம் செய்ய அந்தப் பட்டணத்தில் இடம் இருந்தது, செய்தேன். சாம்பலை ஊர் ஓடையில் விட்டேன். இங்கே சட்டப்படி அது கூடாது. லோமான் அம்மாள் பாலத்தின் மேல் நின்று யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

கடைசிக்கு முந்தின நாள் நினைவு தெளிந்து என்னிடம் பேசினார். "அவளையும் அக்கா மாதிரி ஆக்கிடுவா. அப்பா தடுக்கமாட்டார். இப்ப எழுதிடாதே. கொஞ்ச காலம் போகட்டும்" என்றார். உங்கள் பெயரைச் சொன்னார். அதற்கு முன்பு அவர் உங்கள் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "என் ஆம்படையாள்" என்றுதான் சொல்வார்.

ஆலைக்காரர்கள் உங்கள் மாமனாருக்கு எழுதிய கடிதத்தை நானே அனுப்புகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அனுப்பவில்லை. ஒரே ஒரு கடிதம் எழுதிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அவரைப் போல் எழுத எனக்கு வரவில்லை. அவருடைய பெட்டியில் உங்கள் கடிதங்கள் இருந்தன. மலை எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்டிருந்தது கண்ணில் பட்டது. அதற்காவது உண்மையான பதில் எழுதலாம் என்று எழுதினேன். பிறகு நீங்கள் பதில் எழுதினீர்கள். பிறகு நான் காத்திருக்க ஆரம்பித்தேன். அது தவறு என்று தெரிந்தேதான் காத்திருந்தேன்.

உங்களைப் படிக்க வைக்கச் சொன்னது அவரல்ல. நெய்யூர்ப் பள்ளியில் என் அக்கா ஞானபாய் வாத்திச்சி வேலை பார்க்கிறாள். அவள் சம்பாதிப்பதால் அவளை யாரும் எதுவும் சொல்ல முடியவில்லை. அப்படி உங்களுக்கும் ஒரு வழி உண்டாக வேண்டும், அதற்குப் பிறகு செய்தியைச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. நீங்கள் அனுமதித்தால், பரீட்சை முடியும் வரை இன்னும் சில கடிதங்கள் அவர் பேரில் உங்கள் மாமனாருக்கு எழுதுகிறேன். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்.

அருமைநாயகம்


வலியசாலை
1108 கர்க்கடகம் 5 (1933 ஜூலை 20)

ஸ்ரீ அருமைநாயகம் அவர்களுக்கு,

நிறுத்திவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை ராஜபாய் டீச்சர் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் போன செய்தியை முழுதாக அழுது முடிக்கக்கூட என்னால் முடியவில்லை. பாதி அழுகையில் ஒரு கேள்வி வந்து நின்றுகொண்டது. என் பெயரை அவர் சொன்னார் என்கிறீர்கள். அது நிஜமா? அத்தையின் மடியைப் போல அதுவும் நீங்கள் கொடுத்ததா? அக்காவை நினைத்து என்னைக் காப்பாற்றச் சொன்னது அவரா, நீங்களா? எட்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவர் எனக்காக ஒரு வார்த்தை சொன்னார் என்றால் அதை வைத்துக்கொண்டே மீதிக் காலத்தைத் தள்ளிவிடுவேன். அதற்கு இருக்கிற ஒரே சாட்சி நீங்கள். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பொய் எழுதுவீர்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அந்தக் கடைசி வார்த்தையைக்கூட நான் நம்ப முடியாமல் செய்தது நீங்கள்தான். வேறு எதையும் நான் பெரிதாக நினைக்கவில்லை.

இன்னும் சில கடிதம் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு இரவு அதை யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன். காலையில் எழுந்து நெற்றியில் குங்குமத்தை வைத்துக்கொள்ளக் கை போனது. வைக்க முடியவில்லை. நேராகப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. "எப்போ?" என்றார். சொன்னேன். "அப்போ இத்தனை நாளும் நான் வாங்கிப் படிச்சது?" என்றார். சொன்னேன். பிறகு, "படிக்க வைக்கச் சொன்னது?" என்றார்.

"அதுவும் அவர் சொன்னதில்லை, மாமா."

"பின்னே யார் சொன்னதை வெச்சிண்டு நீ படிக்கறே?"

"இனிமே நான் சொல்றதை வெச்சிண்டு."

அவர் எழுந்து சாஸ்திரிகளுக்கு ஆள் அனுப்பினார். உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து காரியமெல்லாம் முறைப்படி நடந்தது. பத்தாம் நாள் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். சிவகாமியம்மாள்தான் முன்னால். வேலாயுதன் பின்கட்டு வாசலில் வந்து பெட்டியைத் திறந்தான். என்னை எழுப்ப இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் என் தைரியம். அப்பாவுக்கு எதிரில் அவ்வளவு பேசினவள் கத்தியைப் பார்த்ததும் ஊமையாகிவிட்டேன்.

அப்போது நாகலக்ஷ்மி அக்கா அறையை விட்டு வெளியே வந்தாள். நாலு பேர் முன்னால் அவள் வந்து நின்று நான் பார்த்ததில்லை. வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். மூச்சிரைத்தது. "இவளைத் தொடணும்னா என்னைத் தாண்டிப் போங்கோ" என்றாள். சிவகாமியம்மாள் சாஸ்திரம் என்று ஏதோ தொடங்கினாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்தாள். "பதினேழு வயசிலே என்னைப் பிடிச்சு உக்கார வெச்சப்போ நீங்க முற்றத்திலே நின்னுண்டிருந்தேள். இப்பவும் அங்கதான் நிக்கறேள்" என்றாள்.

அப்பா முகத்தை மேல்வேஷ்டியில் மூடிக்கொண்டார். பிறகு அதை எடுக்காமலே, "வேலாயுதா, நீ போ" என்றார்.

வேலாயுதன் பெட்டியை மூடினான். போகும்போது அக்காவிடம், வழக்கமான நாளில் வந்தால் போதுமா என்று தயங்கிக் கேட்டான். "எனக்கும் வேண்டாம். இனி வரவே வேண்டாம்" என்றாள்.

தெருவில் எங்களோடு பேசுகிறவர்கள் இப்போது குறைவு. கோயிலில் எங்களைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். அப்பா தெருமுனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ராஜபாய் டீச்சர் சாயங்காலம் வரும்போது தானே எழுந்து விளக்கைக் கொண்டுவந்து வைக்கிறார். மகன் போனதற்கு என்னைக் குறை சொல்கிறாரா, அவரையே குறை சொல்லிக்கொள்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் யார் மனசையும் முழுதாக நம்பும் பழக்கம் எனக்குப் போய்விட்டது. அது உங்களிடமிருந்து வந்தது.

நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கெட்டவர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் என்னைக் கேட்காமல் என் வாழ்க்கைக்கு வழி வகுத்தீர்கள். எங்கள் வீட்டார் செய்ததும் அதேதான், அவர்கள் கத்தியோடு வந்தார்கள், நீங்கள் பேனாவோடு வந்தீர்கள். நான் தாங்கமாட்டேன் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டீர்கள்.

அவருடைய துணிமணிகளை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். என் கடிதங்களை எரித்துவிடுங்கள். ரொட்டிக் கடையில் பேச்சு நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது உண்மையானால் அந்த ஊரில் இருக்காதீர்கள். புறப்பட்டு வந்துவிடுங்கள்.

எப்போதாவது வலியசாலை பக்கம் வர நேர்ந்தால், வாசலில் நின்று உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள். கதவைத் திறப்பதா என்று அன்றைக்கு நான் முடிவு செய்கிறேன்.

சூடாமணி